இரண்டாவது பெயர்

அமெரிக்க அரசாங்கம் ஜேபஸ் லவெட்டுக்குக் கொடுத்தது ஒரே ஒரு காகிதம். விலா நோவா துறைக்கு இனிமேல் நீதான் எங்கள் கான்சல் என்று அதில் எழுதியிருந்தது. சம்பளம் என்ற பேச்சே இல்லை. முத்திரை வேண்டுமா, நீயே செய்துகொள். கொடி வேண்டுமா, நீயே தைத்துக்கொள். துறைக்கு வரும் நம் கப்பல்கள் கொடுக்கிற கட்டணத்தில் பிழைத்துக்கொள். அவ்வளவுதான். கொடியைத் தைத்தது அவர் மனைவி மெஹிடபெல். வாசல் பலகையில் நாட்டுச் சின்னமான கழுகை லவெட்டே வரைந்தார். கழுகு என்று சொன்னால்தான் கழுகு. பக்கத்து வீட்டு டோனா யூலாலியா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, கோழி வியாபாரமா பண்ணப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

அது 1802. இப்போது 1809, ஜூன் மாதம். இந்தப் போர்த்துகீசியத் தீவில் ஏழு வருடம் ஓடிவிட்டது. லவெட் தன் நாட்டைவிட இருபத்துநான்கு வயது மூத்தவர். அதனாலோ என்னவோ, அது என்ன செய்தாலும் பெற்ற பிள்ளையைப் போலப் பொறுத்துக்கொண்டார். ஹிட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. மெஹிடபெல் என்று முழுசாக அவளை யாரும் கூப்பிட்டதில்லை. ஊரில் எல்லோருக்கும் அவள் ஹிட்டிதான். அவர்கள் சொந்த ஊரான பெவர்லியில் கப்பல்காரர்களின் மனைவிகள் எல்லோரையும் போல அவளும் புருஷனைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தாலும் கேப்டன்தான், குரல் மட்டும் மாறும்.

கான்சலின் வேலை என்ன? கப்பல் உடைந்து கரையேறியவன், காய்ச்சலில் கேப்டன் இறக்கிவிட்டுப் போனவன், இங்கிலாந்துப் போர்க்கப்பல்காரன் பிடித்துக்கொண்டு போய் அவனிடமிருந்து தப்பி வந்தவன், இப்படி நம் ஊர் மாலுமி எவன் வந்தாலும் வீட்டில் வைத்துச் சோறு போட வேண்டும். ஊருக்குப் போகிற நம் கப்பல் வந்தால் அதில் ஏற்றிவிட வேண்டும். அதற்குச் சட்டம் இருந்தது. கான்சல் பெயர் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தால் கப்பல்காரன் மறுக்க முடியாது. ஆளுக்குப் பத்து டாலர் அரசாங்கம் கொடுத்துவிடும். கப்பலின் அளவைப் பொறுத்து இத்தனை பேர் என்று கணக்கு. எல்லாவற்றையும் யோசித்து எழுதிய மகராசன்கள், அந்தக் கான்சல் என்றைக்காவது ஊர் திரும்ப வேண்டுமே என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அதற்கு ஒரு வரிகூடச் சட்டத்தில் இல்லை.

இதற்கிடையில் நம் கப்பல்கள் ஒன்றும் வெளிநாட்டுக்குப் போகக்கூடாது என்று வாஷிங்டனில் உத்தரவு போட்டார்கள். பதினாலு மாதம் துறைக்கு ஒரு கப்பல் வரவில்லை, ஒரு கட்டணம் வரவில்லை. லவெட்டின் வாள் போயிற்று, வெள்ளிக் கரண்டிகள் போயின, ஊரிலிருந்து கொண்டுவந்த கட்டிலும் போயிற்று. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததால் கடிதம், சான்று, பட்டியல் எல்லாம் எழுதுவது ஹிட்டி. சம்பளமில்லாத கான்சலுக்குச் சம்பளமில்லாத குமாஸ்தா.

பிறகு அவருக்குக் கால்கள் வீங்கின. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிற மாதிரி நீர் கோத்துக்கொண்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வைத்தியர் ஹிட்டியைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்று மாதம், ஆண்டவன் மனசு வைத்தால் நான்கு என்றார். லவெட்டிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். லோயிஸைப் பார்க்க வேண்டும்.

லோயிஸ் அவர்களுடைய ஒரே மகள். பதினோரு வயதில் ஹிட்டியின் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தார்கள், ஒரு வருடத்தில் கூட்டிக்கொள்வதாகச் சொல்லித்தான் விட்டார்கள். இப்போது பதினெட்டு முடிந்து, இலையுதிர் காலத்தில் கல்யாணம் என்று எழுதியிருந்தாள். ஊருக்கு வர அனுமதியும் பயணத்துக்கு உதவியும் கேட்டு லவெட் வாஷிங்டனுக்கு மூன்று கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அப்போதுதான் லிடியா வந்தது. பெவர்லிக்குப் பக்கத்திலேயே அமெரிக்காவில் இருக்கிற சேலம் ஊர்க் கப்பல், பதினாலு மாதத்துக்குப் பிறகு கண்ணில் பட்ட முதல் நம் ஊர்க் கொடி. ஹிட்டி அன்றைக்கே படகு வைத்துக்கொண்டு போய் அதன் கேப்டன் பிங்கமைப் பார்த்தாள். பிங்கம் நாற்பது வயது, நல்ல மனுஷன், ஆனால் முதலாளியின் தம்பி அதே கப்பலில் உட்கார்ந்துகொண்டு ஏறுகிற தலை ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

"அறைக்கு அறுபது டாலர், முன்பணம். என் கப்பலா இருந்தா ஒத்தக் காசு கேக்கமாட்டேன் லவெட்டம்மா. இந்த ஒரு வருஷத்துல முதலாளிக வீடு ஏலத்துக்கு வந்துடுச்சு. அவங்க யாருக்கும் எரக்கப்படுற நெலமையில இல்ல."

"அறுபது டாலர் இருந்தா நான் எதுக்குப்பா படகுக்காரன்கிட்ட கடன் சொல்லிட்டு வர்றேன்?"

பிங்கம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "சட்டத்துல கான்சலுக்கு எடம் இல்ல. மாலுமிக்கு எடம் இருக்கு. இந்தக் கப்பலுக்கு ரெண்டு பேரு. பன்னெண்டு வயசுல கடலுக்குப் போனவர்தான அவரு? சீட்டுல என்ன பேரு இருக்குன்னு நான் கேக்கமாட்டேன். முதலாளி தம்பிக்கும் பத்து டாலர் வந்தாப் போதும்."

திரும்பி வரும்போது ஹிட்டிக்குப் படகில் உட்காரவே முடியவில்லை. ரெண்டு இடம் இருப்பது நல்லதுதான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ரெண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவன் கேலப், வலது கை போனவன். அவனைப் போகவிடாமல் இங்கே நிறுத்திவைக்க மனசு வராது. மற்றவர் ஏமஸ் ட்ரெஃப்ரி, மார்பிள்ஹெட் ஊர்க்காரர், நாற்பத்தைந்து வயது, ஊரில் மனைவியும் ஐந்து பிள்ளைகளும். இங்கிலாந்துப் போர்க்கப்பலில் மூன்று வருடம் அடிமையாகக் கிடந்து, தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில் குதித்துத் தப்பியவர். வாய் ஓயாமல் கேலி பேசுவார். லவெட் வீட்டு முட்டைக்கோஸ் சூப்பைப் பார்த்து, இதில் ஒரு இலை இன்னொரு இலையைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பார். அவரை ஹிட்டி அடுப்படிக்குக் கூப்பிட்டாள். பீடிகை போட அவளுக்கு வரவில்லை. விஷயத்தை அப்படியே சொன்னாள்.

ஏமஸ் கேலி பேசவில்லை. "வைத்தியர் எவ்வளவு நாள் சொல்றாரு?"

"மூணு மாசம்."

"அப்ப எழுதுங்க லவெட்டம்மா. எனக்கு அடுத்த கப்பல் இருக்கு, அவருக்கு இல்ல."

"அதுக்குள்ள அந்தப் போர்க்கப்பல் இந்தப் பக்கம் வந்தா உன்னைத் தூக்கிலேயே போட்டுடுவான்."

"மலை மேல ஆடு மேய்ச்சுக்கிட்டுப் படுத்துக்குறேன். ஆட்டுக்கும் எனக்கும் வாடை ஒண்ணுதான், கண்டுபிடிக்கமாட்டான்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹிட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது பாவம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே செய்தாள்.

சீட்டை எழுதினாள். முதல் பெயர் கேலப். இரண்டாவது, ஜேபஸ் லவெட், மாலுமி, ஊர் பெவர்லி, நிர்க்கதியானவர். ஏழு வருடமாகப் பார்த்த அவர் கையெழுத்து, அவளே போட ஒரு நொடி ஆகவில்லை. முத்திரையையும் அழுத்தினாள். லவெட்டிடம், பிங்கம் பழைய மரியாதைக்காகச் சும்மா அறை கொடுக்கிறார், ஏமஸுக்குக் கப்பலில் இடம் போதவில்லை, அவன் என்னோடு அடுத்த கப்பலில் வருவான் என்று சொன்னாள். தான் பின்னாலேயே வந்துவிடுவதாகவும் சொன்னாள். வரமாட்டாள், அதற்குக் காசுமில்லை சட்டமுமில்லை. அவரை இனிமேல் பார்க்கவே போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தனக்குப் பதிலாகப் பெண்ணாவது பார்க்கட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

அன்றைக்கே பாஸ்டனுக்கு ஒரு வேகமான சின்னப் போர்த்துகீசியக் கப்பல் கிளம்பியது, அது ஆள் ஏற்றாது, தபால் மட்டும் வாங்கிக்கொள்ளும். அதில் லோயிஸுக்கு நாலு வரி எழுதிப் போட்டாள். 'அப்பா லிடியாவில் வருகிறார். உடம்பு சரியில்லை. கல்யாணத்தை முன்கூட்டியே வைத்துக்கொள். துறைக்குப் போய்க் காத்திரு.'

அடுத்த மூன்று நாளும் லவெட் பத்து வயது குறைந்துவிட்டார். சவரம் செய்துகொண்டார். பீன்ஸும் கறுப்பு ரொட்டியும் ஊர் அடுப்பில் சனிக்கிழமை எப்படி மணக்கும் என்று டோனா யூலாலியாவுக்கு உடைந்த போர்த்துகீசிய மொழியில் விளக்கினார். பெட்டியிலிருந்து நீலக் கோட்டை எடுத்துவைத்தார். கான்சல் என்றால் நீலக் கோட்டு வேண்டும் என்று பெவர்லியிலேயே சொந்தச் செலவில் தைத்தது. அதன் பித்தளைப் பொத்தான்களைத் தைத்தது லோயிஸ். பதினோரு வயதுப் பெண் தைத்த லட்சணத்தில் மூன்றாவது பொத்தான் மட்டும் ஒரு விரல்கடை தள்ளி இருந்தது. ஹிட்டி அதைச் சரிசெய்யப் போனபோதெல்லாம் விடமாட்டார்.

"இது இருந்தாத்தான் அவளுக்கு என்னை அடையாளம் தெரியும். மூஞ்சி மாறிப்போச்சு, கோட்டு மாறல."

"பேசாம படுங்க கேப்டன். மூச்சு வாங்குது."

"வாங்கட்டும். ஊர்க் காத்து இருக்கு, திரும்பக் குடுத்துடுவேன்."

பன்னிரண்டாம் தேதி காலையில் கிளம்பினார்கள். ஹிட்டி எல்லாவற்றையும் யோசித்திருந்தாள், ஒன்றைத் தவிர. கப்பல் ஏறுகிறவர்களின் பெயரைத் துறைமேடையில் எல்லோர் காதிலும் விழ லவெட்டே படிப்பது வழக்கம். வந்த புதிதில் ஒரு கப்பல்காரன் மாலுமிகளின் இடத்தை ஒயின் வியாபாரிகளுக்கு விற்றுவிட்டான். அன்றைக்கு ஏற்படுத்தியது அந்த வழக்கம். கான்சல் பெயர் படிக்க வேண்டும், பெயருக்குரியவன் குரல் கொடுத்து முன்னால் வர வேண்டும். இவ்வளவு முடியாத மனுஷன் இன்றைக்கு அதைப் பிங்கமிடம் விட்டுவிடுவார் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"சீட்டைக் குடு ஹிட்டி."

"பிங்கம் படிப்பார். நீங்க நேரா படகுல ஏறுங்க."

"ஏழு வருஷமா நான்தான் படிச்சேன். கடைசியா ஒரு தடவ. குடு."

பிங்கம் தரையைப் பார்த்தார். முதலாளியின் தம்பி பொறுமையில்லாமல் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் பத்திருபது பேர் கூட்டம். சீட்டைக் கொடுக்காமல் இருக்க ஹிட்டிக்கு வழி தெரியவில்லை.

லவெட் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "கேலப் டேன்." "இருக்கேன் கேப்டன்" என்று கேலப் முன்னால் வந்தான். லவெட் அடுத்த வரிக்கு வந்தார். ஒரு தடவை ஹிட்டியைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். கோபப்பட்டிருந்தால் அவள் அங்கேயே சண்டை பிடித்திருப்பாள். அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மறுபடி சீட்டைப் பார்த்தார். காற்றில் அது படபடத்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று பிற்பாடு ஹிட்டியால் சொல்ல முடிந்ததில்லை.

"ஏமஸ் ட்ரெஃப்ரி" என்றார்.

கூட்டத்தின் பின்னால் பெட்டி தூக்க வந்து நின்றிருந்தார் ஏமஸ்.

"ஏமஸ் ட்ரெஃப்ரி."

"சீட்டுல அது இல்ல கேப்டன்."

"சீட்டுல என்ன இருக்குன்னு நான்தான் படிக்கிறேன். கூப்பிட்டா வரணும்."

"நான் போகமாட்டேன் கேப்டன். என் எடத்த நான் குடுத்துட்டேன், மனசாரக் குடுத்துட்டேன்."

"அது உன் எடம் இல்ல, குடுக்கிறதுக்கு. என் எடமும் இல்ல, வாங்கிக்கிறதுக்கு." பிங்கமிடம் பேனா வாங்கினார். குனிந்து, ஒரு பீப்பாயின் மேல் சீட்டை வைத்து, இரண்டாவது வரியை அடித்துவிட்டு நடுங்குகிற கையால் ஏமஸின் பெயரை எழுதினார். எழுத்து கோணல்மாணலாக வந்தது. பிங்கம் அவர் தோளைத் தொட்டு, நான் ஒன்றும் பார்க்கவில்லை கேப்டன், தயவுசெய்து ஏறுங்கள் என்று கெஞ்சினார். லவெட் முடியாது என்று தலையாட்டிவிட்டார்.

ஏமஸ் குழந்தை மாதிரி அழுதுகொண்டு வந்தார். மேலே கிழிந்த சட்டை ஒன்றுதான். லவெட் கோட்டைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். "வடக்க போகப் போகக் குளிரும். போட்டுக்க. பெவர்லியில எம் பொண்ணுகிட்ட குடுத்துடு."

கப்பல் முனையைத் தாண்டும்வரை அவர் துறையிலேயே நின்றார். ஹிட்டி நிற்கவில்லை. வீட்டுக்கு நடந்து வந்து வாசல் பலகையைக் கழற்றித் தரையில் போட்டாள். பின்னாலேயே டோனா யூலாலியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் வந்துசேர்ந்தார்.

"அந்தக் கோழியையே கட்டிக்கிட்டு அழுங்க" என்றாள். "பெத்த பொண்ணு வேணாம், பொண்டாட்டி பேச்சு வேணாம், உங்களுக்கு உங்க நாடு போதும். அது உங்களுக்கு ஒரு கடுதாசிக்கு பதில் போட்டுச்சா? ஒரே ஒரு கடுதாசிக்கு?"

அவர் பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்தார். ஹிட்டி ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. சூப்பைக் கொண்டுவந்து வைப்பாள், கால்களைத் துடைத்துவிடுவாள், வாயைத் திறக்கமாட்டாள். அந்த ஒன்பது நாளைத் திருப்பிக் கொடுக்க யாராவது இருந்தால் அவள் தன் ஆயுசில் ஒன்பது வருடம் கொடுத்திருப்பாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் கால் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர்தான் பேசினார்.

"அந்தப் பேரப் படிச்சுடணும்னு எனக்கு எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா ஹிட்டி?"

அவள் கை நின்றது.

"உன் எழுத்துல அழகா இருந்துச்சு. மாலுமி, பெவர்லி. நெசமாவே படிக்கப் போயிட்டேன். ஏமஸ் பெட்டியத் தூக்கிட்டு நின்னான். அவன் மொகத்தப் பாத்திருக்கக் கூடாது."

"நான் அவன் கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டேன் கேப்டன். அவன் மொகத்தப் பாத்துக்கிட்டேதான் கேட்டேன்."

"நீ எனக்காகக் கேட்ட. நான் யாருக்காகப் படிக்கிறது?"

அவள் அவருடைய வீங்கின பாதங்களில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் அவர்கள் பேசாத நாள் கிடையாது. லோயிஸுக்கு எத்தனை பிள்ளை பிறக்கும், எதற்கு யார் மூக்கு இருக்கும் என்றெல்லாம் பேசினார்கள். ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி விடிகிற சமயம், ஹிட்டி தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார். கப்பல் போய் எழுபத்தொரு நாள் ஆகியிருந்தது.

நம் நாட்டவர் யார் வெளியூரில் செத்தாலும் பதிவேட்டில் எழுதி, வீட்டாருக்குத் தெரிவிப்பது கான்சல் வேலை. அந்த மாதிரி நாற்பது கடிதமாவது ஹிட்டி எழுதியிருப்பாள். அதற்கென்று ஒரு வாசகம் வைத்திருந்தாள். இன்ன தேதியில் அமைதியாகக் காலமானார், முறைப்படி நல்லடக்கம் செய்யப்பட்டார், உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறோம். பதிவேட்டில் அவர் பெயரை எழுதிவிட்டாள். கடிதத்தை மட்டும் எழுத முடியவில்லை. செப்டம்பரில் இரண்டு கப்பல் போயின. இரண்டிலும் ஒன்றும் அனுப்பவில்லை. அடுத்ததில் அனுப்பலாம், அடுத்ததில் அனுப்பலாம் என்று கிடந்தாள்.

அக்டோபரில் தபால் பை வந்தது. அதில் கான்சலுக்கு இரண்டு கடிதம். தடிப்பான உறை வாஷிங்டனிலிருந்து. கான்சல் லவெட் ஆறு மாத விடுமுறையில் தாய்நாடு வர அனுமதிக்கப்படுகிறார், பயணச் செலவு அவருடைய பொறுப்பு. ஹிட்டி அதை மடித்து ஓரமாக வைத்தாள். அதன்மேல் கோபப்படக்கூட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மற்றது லோயிஸிடமிருந்து.

'அப்பா, அம்மா இரண்டு பேருக்கும். அம்மாவின் கடிதம் லிடியாவுக்கு ஐந்து நாள் முன்னாலேயே வந்துவிட்டது. கல்யாணத்தை ஜூலை கடைசிக்கு மாற்றிவிட்டோம். தினமும் துறைக்குப் போனேன். இருபதாம் தேதி கப்பல் வந்தது. முப்பத்தெட்டு நாளில் வந்துவிட்டது, நல்ல காற்றாம். படகு கரைக்கு வருகிறபோதே நீலக் கோட்டைப் பார்த்துவிட்டேன். அப்பா என்று கத்திக்கொண்டு ஓடினேன், பாவாடை தடுக்கி விழுந்தேன், எழுந்து மறுபடி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். மூன்றாவது பொத்தான் என் கன்னத்தில் அழுந்தியது. பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் முழங்கால் போட்டு உட்கார்ந்து அழுதார். எல்லாம் சொன்னார். கோட்டைக் கொடுத்துவிட்டுச் சட்டையோடு மார்பிள்ஹெட்டுக்கு நடந்து போனார். அப்பா, நீங்கள் செய்தது சரிதான், எனக்குக் கோபமில்லை. கல்யாணத்தை மறுபடி நவம்பருக்குத் தள்ளிவிட்டேன். அதற்குள் ஒரு கப்பல் கிடைக்காமலா போகும்? நான் இன்னமும் தினமும் துறைக்குப் போகிறேன்.'

ஹிட்டி கணக்குப் போட்டுப் பார்த்தாள். கூடாது கூடாது என்று நினைத்துக்கொண்டே போட்டாள். எழுபத்தொன்றில் முப்பத்தெட்டு போனால் முப்பத்துமூன்று. முப்பத்துமூன்று நாள் அவர் மகளோடு இருந்திருப்பார், கல்யாணத்தையும் பார்த்திருப்பார். அதற்கப்புறமும் இரண்டு மாதமாக அந்தப் பெண் வருகிற கப்பலையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், தாய் ஒரு கடிதம் எழுதாததால்.

துறையில் கப்பல் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஹிட்டி காகிதத்தை எடுத்தாள். இன்ன தேதியில் அமைதியாக என்று ஆரம்பித்து, அடித்தாள். வேறு காகிதம் இல்லை. அடித்ததற்குக் கீழேயே எழுதினாள்.

'லோயிஸ், கண்ணே, இனிமேல் துறைக்குப் போகாதே.'